இடப்புறம் சுற்றிய கார்

எங்கள் வீட்டு வாசலில், செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று நிற்கிறது. சாலையில் பள்ளம் தோண்டும்போது வரிசையாக வைப்பார்களே, அதே கூம்புதான், கொஞ்சம் சிறியது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. நசுங்கிய இடத்தில் வெளிறிய சிவப்புச் சாயம் தீற்றியிருக்கிறது. சிங்கப்பூர் தேக்கா சந்தைக்கு மேலேயுள்ள அடுக்குமாடியில் நடைவழி எல்லாருக்கும் பொது, அங்கே கண்டதையும் வைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, யாருக்காவது இடம் பிடித்து வைத்திருக்கிறாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்றேன். அதை நான் எடுக்கவில்லை, எடுப்பதாகவும் இல்லை. என்னோடு இருக்கும் அம்மா காலையில் வாசலைக் கூட்டும்போது நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். வேலைக்குக் கிளம்பும்போது நான் அதை வெளியே தெரியும்படி திருப்புவேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வருடக்கணக்காக இப்படித்தான் போகிறது.

கூம்பு அண்ணியுடையது. அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவியாக இருந்தவர். அந்த 'இருந்தவர்' அம்மாவின் திருத்தம். விவாகரத்து ஆன வாரமே அம்மா சொல்லிவிட்டார், இனி அவளை முறை வைத்துக் கூப்பிடாதே, அவள் நமக்கு யாரோ என்று. எனக்கு அது விளங்கவேயில்லை. கோர்ட்டில் பிரிந்தது அவர்கள் இரண்டு பேர். என்னை யாரும் அங்கே கூப்பிடவில்லை, நான் எதிலும் கையெழுத்துப் போடவுமில்லை. இன்னொரு பெண்ணைத் தேடிப் போனது என் கூடப்பிறந்தவன். பழி மட்டும் புருஷனைப் பிடித்துவைக்கத் தெரியாதவள் என்று அண்ணியின் தலையில் விழுந்தது. அதைச் சொன்னது வேறு யாருமில்லை, எங்கள் வீட்டு மனிதர்கள்தான். எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது, ஆறவிடுவதாக இல்லை.

அண்ணனிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது, துணிக்கூரை, கையால் கியர் மாற்றும் வண்டி. கல்யாணத்துக்கு முன்பே யாரிடமோ பழையதாக வாங்கியிருந்தான். காத்தோங்கில் பிள்ளையார் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அதை நசுக்கிக் கிளப்பிய நாள் நினைவிருக்கிறது. அன்று அது தக்காளிச் சிவப்பு. வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் எங்களைப் பார்க்க வரும்போது அம்மா கீழே பூக்கடையில் மல்லிகை வாங்கி அதன் முன்கண்ணாடிக்குக் கீழே சாத்துவார், விபூதியும் வைப்பார். அண்ணிக்கு ஓட்டுநர் உரிமம் உண்டு, கியர் வண்டிக்கே உண்டு. அப்படியிருந்தும் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரில் அவருக்குக் கிடைத்தது இடதுபக்க இருக்கை மட்டும்தான். நீ தொட்டால் கிளட்ச் போய்விடும் என்பான் அண்ணன். அண்ணி பல் மருத்துவமனையில் தாதியாக இருந்தார். மனிதர்களின் வாய்க்குள் ஊசி முனையை வைத்து வேலை செய்கிற கைக்குக் கிளட்ச் அடங்காதாம்.

பிரியும்போது வீட்டை விற்றார்கள். அண்ணி காத்தோங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார். காரை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது அண்ணன் பெரிய மனது வைத்தான். "நீயே வச்சுக்க. ஸ்க்ராப்ல போட்டா ஏதாவது கிடைக்கும்" என்றான். நானும் பக்கத்தில் இருந்தேன். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. மீந்த சாம்பாரை யார் எடுத்துக்கொள்வது என்பது போலச் சொன்னான். சிங்கப்பூரில் காருக்குத் தலையெழுத்தை முதலிலேயே எழுதிவிடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சி.ஓ.இ. என்கிற, காரை வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டின் காலம் முடிந்தால் சாலையில் ஓடக் கூடாது. இந்தக் காருக்கு ஏற்கெனவே ஐந்து வருடம் நீட்டித்தாகிவிட்டது, அதற்குமேல் நீட்டிக்க வழியில்லை. ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான உயிர் அதற்கு மிச்சம் இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நின்று நின்று சிவப்பு வெளிறி, கதவோரமெல்லாம் துரு பூத்து, சக்கரத்துக்கு மேலே தகரம் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. இப்போதே கொடுத்தால் கையில் கொஞ்சமாவது நிற்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணி கேட்டுக்கொண்டார். பிறகு சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

காக்கி புக்கிட்டில் ஒரு சீனப் பட்டறைக்காரர் இருந்தார். அவர் பல்லை அண்ணியின் மருத்துவமனையில்தான் கட்டியிருந்தார்கள், அந்தப் பழக்கம். ஞாயிறு மதியம் பட்டறை சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். அண்ணி தேக்காவிலிருந்து பிரியாணிப் பொட்டலங்களோடு போவார், நானும் கூடப் போவேன். காரைத் தூக்கி நிறுத்தியதும் பட்டறைக்காரர் அடியில் விளக்கடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெல்டிங் வைக்கவே தகரம் இல்லை, விட்டுவிடுங்கள் என்றார். அண்ணி கைப்பையைத் திறந்து, மருத்துவமனையில் கழித்துப்போட்ட பல் குத்திப் பார்க்கும் கொக்கி ஒன்றை எடுத்தார். கதவுக்கு அடியில் உள்ள விளிம்பு நெடுகக் குத்திக்கொண்டே போனார். கொக்கி உள்ளே இறங்கிய இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். "சொத்தையும் இப்படித்தான். மேல அடைச்சா உள்ள பரவும். நோண்டி எடுத்துட்டு நல்ல எலும்பு எங்க இருக்குன்னு பாக்கணும்" என்றார். நல்ல எலும்பு இருந்தது. நாங்கள் நினைத்ததைவிட உள்ளே தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

துரு எங்கிருந்து தொடங்கியது என்று தேடியபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் உண்டு. அவை இரண்டும் கல்லாக அடைத்திருந்தன. கம்பியை விட்டுக் குடைந்தால் காய்ந்த மல்லிகை வந்தது, வாழைநார் வந்தது, நனைந்து நனைந்து சிமெண்டாக இறுகிப்போன விபூதி வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா சாத்திய பூ. தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே தேங்கி, தரைவிரிப்புக்கு அடியில் வருடக்கணக்காகத் தகரத்தைத் தின்றிருக்கிறது. கார் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டி வேண்டியே அதை அரித்திருக்கிறோம். அண்ணி அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செய்தித்தாளில் மடித்து ஓரமாக வைத்தார், குப்பையில் போடவில்லை. சாமி காரியம் பார், மிதிபடக் கூடாது என்றார்.

அந்தப் பட்டறைச் சுவரில்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கிராஞ்சிப் பக்கம் ஒரு பெரிய காலி வாகன நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்துத் தடம் போட்டு, ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுக்கும் ஆட்டோகிராஸ் போட்டி. புதியவர்களுக்கான நாள், எந்தக் காரும் வரலாம். யாரும் யாரையும் முந்துவதில்லை, நாமும் கடிகாரமும்தான். கூம்பைத் தட்டினால் நேரம் கூடும், தடம் மாறினால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. தேதி சி.ஓ.இ. முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் விழுந்தது. அண்ணி அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "சாகப்போற காருன்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, சாகட்டும். ஒரு தடவை ஓடிட்டுச் சாகட்டும். நானும் ஒரு தடவை வலது பக்கம் உக்காந்து ஓட்டிட்டுத்தான் இந்தச் சாவியக் குடுப்பேன்." ஆசைப்பட்டது அவ்வளவுதான். கோப்பை வேண்டும் என்றோ அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை, அதை நான் மறைக்கவில்லை.

செலவு செய்ய எங்களிடம் ஒன்றும் இல்லை. அதனால் கழற்றுவதுதான் எங்களுக்கு முடிந்த வேலை. தரைவிரிப்பு போனது, ரேடியோ போனது, ஏர்கான் போனது, உபரிச் சக்கரம் போனது. ஏர்கான் இல்லாத காரில் சிங்கப்பூர் மதியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வீரம் புரியும். சொத்தை எடுத்த இடங்களில் பட்டறைக்காரர் தகடு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார், அண்ணி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சாம்பல் நிறப் பூச்சு அடித்தார். அதற்குமேல் சிவப்பு அடிக்கவில்லை, அது எடைதானே என்றார். பிரேக் கட்டைகள் மட்டும் புதியவை. டயர்கள் வேறொருவர் கழித்தவை. கார் பார்க்கச் சொறி பிடித்த நாய் மாதிரி இருந்தது. சத்தம் மட்டும் நன்றாக இருந்தது.

போட்டிக்குப் பழக எங்களுக்கு ஏது மைதானம்? எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், சின்னக் குழந்தைகள் சைக்கிள் விடும் இடத்தில், செருப்புகளைப் பரப்பி நடந்து பழகினோம். அண்ணி மேலே வீட்டுக்கு வருவதில்லை. வரக்கூடாது என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தார். அதனால் அவர் கீழேயே வந்துவிட்டுக் கீழேயே போய்விடுவார். ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு அவர் செருப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடப்பார், பின்னால் நான் கைபேசியில் நேரம் பார்ப்பேன். இந்தப் போட்டிகளில் ஏதாவது ஒரு கூம்பை முழு வட்டமாகச் சுற்ற வைப்பார்கள், வலமாகவும் வரலாம், இடமாகவும் வரலாம் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். வலமாகச் சுற்றுவது எளிது, ஓட்டுபவர் பக்கம் கூம்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியும். இடமாகச் சுற்றினால் கூம்பு அந்தப் பக்கம் மறைந்துவிடும். ஆகவே அதைத்தான் அதிகம் பழக வேண்டும். அண்ணி ஒரு நீலச் செருப்பை இடப்புறமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, கையில் முருங்கைக்காய்ப் பையோடு அம்மா வந்து நின்றார்.

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். "எடப்பக்கமாச் சுத்துறது சாவு வீட்டுலதான். இங்க யாரும் சாகல. சொல்லி வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு மின்தூக்கியை நோக்கிப் போய்விட்டார். இரண்டடி தள்ளி நின்ற அண்ணியை அவர் பார்க்கக்கூட இல்லை. அண்ணி குனிந்து செருப்புகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். அவருடைய முகம் அன்று போனது போல நான் கோர்ட்டு நாளில்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகும் இரண்டு வாரம் பழகினோம். ஆனால் இடப்புறம் சுற்றுவதை மட்டும் அவர் செய்யவில்லை.

போட்டி நாளில் கிராஞ்சிக்குக் கூரையை மடித்துவிட்டுப் போனோம். லாரியின் பின்னால் உட்கார்ந்து போன தொழிலாளர்கள் எங்கள் காரைப் பார்த்துக் கையாட்டினார்கள், ஒருவர் தமிழில் என்னவோ கத்தினார், வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டோம். அங்கே மற்றவர்களின் கார்களைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. கண்ணாடி மாதிரி மின்னின. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர்கள் நல்ல பிள்ளைகள், உதவிக்கு வந்தார்கள். இடதுபக்க இருக்கையைக் கழற்றிவிடுங்கள், நான்கு போல்ட்தான், எடை குறையும், இங்கே எல்லாரும் கழற்றியிருக்கிறோம் என்று ஸ்பேனரையே நீட்டினார்கள். அண்ணி வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த சீட்டுல நான் ரொம்ப வருஷம் சும்மா உக்காந்திருந்தேன். இன்னிக்கு அது என் நாத்தனாருக்கு" என்றார். அந்தப் பிள்ளைகளுக்கு நாத்தனார் என்றால் என்னவென்று தெரியவில்லை. ஒருவன் சிஸ்டர் இன் லாவா என்று கேட்டான். ஆமாம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். புதியவர்கள் நாளில் துணைக்கு ஒருவர் உட்காரலாம் என்று நடத்துபவர்களும் சம்மதித்துத் தலைக்கவசம் கொடுத்தார்கள்.

மூன்று ஓட்டம். தடத்தை முதலில் நடந்து பார்க்க விட்டார்கள். கடைசியில் தனியாக ஒரு கூம்பு, அதை இடப்புறமாக ஒரு முழுச் சுற்று சுற்றி முடிவுக்கோட்டுக்கு வர வேண்டும். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் ஓட்டத்தில் நான் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் என் இருக்கையையே பிடித்துக்கொண்டிருந்தேன். வளைவுகளில் அந்தச் சொறி நாய் என்னமாய் ஓடியது! அண்ணியின் கை கியரில் போய்வந்த வேகத்தைப் பார்த்தபோது, இத்தனை வருடம் இதையா பூட்டி வைத்தான் என்று அண்ணன் மேல் எரிச்சல் வந்தது. கடைசிக் கூம்புக்கு வந்தோம். அண்ணி அதை அழகாக, சீராக, கோயில் பிரகாரத்தைச் சுற்றுவது போல வலமாகச் சுற்றினார்.

தடம் மாறியது, கணக்கில் வராது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வெளியே சிரிப்புக் கேட்டது, கெட்ட சிரிப்பு இல்லை. அண்ணி வரிசையின் பின்னால் காரைக் கொண்டுவந்து நிறுத்தி இன்ஜினை அணைத்தார். பிறந்ததிலிருந்து பிள்ளையாரையும் அரசமரத்தையும் நவக்கிரகத்தையும் வலம் வந்த உடம்பு, யோசிக்காமல் வலமாகத்தான் போகும். அதோடு அம்மாவின் வார்த்தையும் அந்த உடம்புக்குள் இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். வியர்வை தலைக்கவசத்துக்குள்ளிருந்து கழுத்தில் வழிந்தது. நான்தான் முதலில் பேசினேன். அம்மா சொன்னதை நினைக்காதீர்கள், அது வெறும் கூம்பு, பிளாஸ்டிக் என்றேன். அண்ணி என் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை நான் இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

"இல்லம்மா. உங்கம்மா சொன்னது சரிதான். எடப்பக்கமாச் சுத்துறது முடிஞ்சுபோனதுக்குத்தான். எது முடிஞ்சதோ அதுக்கு இன்னும் யாரும் ஒழுங்கா ஒரு சுத்து சுத்தல. நான் சுத்துறேன். எனக்கு அந்தப் பக்கம் தெரியாது, நீ பாத்துச் சொல்லு."

இரண்டாவது ஓட்டத்தில் நான் பயத்தில் முன்கூட்டியே "இப்ப!" என்று கத்திவிட்டேன். கார் சீக்கிரமாகத் திரும்பி, மூக்கால் கூம்பை இடித்துக் கீழே இழுத்துக்கொண்டு முடிவுக்கோடு வரை போனது. நேரம் கூடியது. ஆனால் திரும்பியது இடப்புறம். மூன்றாவதில் நான் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்து, கூம்பு என் முழங்கைக்கு நேராக வந்தபோது சொன்னேன். அண்ணி கைபிரேக்கை இழுத்தார். பின்சக்கரம் வழுக்கி விலகியது. முழுச் சுற்று. கூம்பு நான் கையை நீட்டினால் தொடும் தூரத்தில், அசையாமல், எங்களைச் சுற்றி வந்தது போல இருந்தது. எண்ணெய் வாசனையும் டயர் கருகும் வாசனையும் அடித்தன. நான் என்னவோ கத்தினேன், அண்ணி கத்தவில்லை. கோட்டைத் தாண்டியதும் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தார், பிறகு நிமிர்ந்து சிரித்தார். பட்டியலில் நடுவில் எங்கோ வந்தோம். மின்னிய கார்களில் சில எங்களுக்குக் கீழே இருந்தன. வேடிக்கை பார்க்க வந்திருந்த பட்டறைக்காரர் "நாட் பேட் லா" என்றார், அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது. நசுங்கிய கூம்பை நடத்துபவர்கள் நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லி எங்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

சி.ஓ.இ. முடியும் வாரத்தில் காரைப் பழைய இரும்புக் கிடங்குக்குக் கொடுக்கப் போனோம். இழுவை வண்டி அனுப்புகிறோம் என்றார்கள், அண்ணி மறுத்துவிட்டார். ஓட்டிக்கொண்டே போய், அவர்கள் காட்டிய இடத்தில் ஒரே திருப்பில் நிறுத்தி, சாவியைக் கொடுத்தார். எதையாவது கழற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டபோது என் காலடியில் கிடந்த கூம்பை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பேருந்து அரிதாகத்தான் வரும். நிறுத்தத்தில் இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம், நடுவில் கூம்பு. பேருந்து தூரத்தில் தெரிந்தபோது அதை என் மடியில் வைத்தார். "இத உங்க வீட்டு வாசல்ல வை. நான் வர முடியாத எடத்துல இதாவது நிக்கட்டும்" என்றார். அன்றே கொண்டுவந்து வைத்தேன். இது என்ன என்று அம்மா கேட்டார். அண்ணியுடையது என்றேன். அம்மா அந்த வார்த்தைக்கு வழக்கமாகச் சொல்லும் திருத்தத்தைச் சொன்னார். நான் நசுங்கிய பக்கத்தை வெளியே திருப்பினேன்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணி இன்னும் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறார், யாருடைய காரையாவது இரவல் வாங்கிக்கொண்டு போட்டிக்கும் போகிறார். ஞாயிறு காலையில் தேக்காவுக்கு வருவார், கீழேயே தோசை சாப்பிடுவோம், மேலே வந்ததில்லை. போன வாரம் அண்ணன் வந்தான். தனியாகத்தான் வந்தான், அம்மாவின் மூட்டுவலிக்கு மாத்திரை கொண்டுவந்திருந்தான். புதிய வண்டி வாங்கப்போவதாகச் சொன்னான். கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டே, இந்தக் குப்பையை இன்னுமா வைத்திருக்கிறாய் என்று கேட்டபடி கூம்பைக் காலால் தள்ளினான். அது சாய்ந்து எதிர்வீட்டு வாசல் வரை உருண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கால எடு. அது இவ அண்ணியோடது."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை, அன்று கீழ்த்தளத்தில் அண்ணியைப் பார்க்காமல் போனாரே, அதே மாதிரி. முட்டியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு வாசல் வரை நடந்து, குனிந்து கூம்பை எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்துப் பழைய இடத்தில் வைத்தார். நசுங்கிய பக்கம் வெளியே தெரியும்படி வைத்தார். இதை நான் அண்ணியிடம் தொலைபேசியில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலே கூட்டிவந்து காட்டப்போகிறேன்.